கடற்கரையில் கல் பொறுக்கலாமா?

கல் பொறுக்கும் ஆசை குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்து மாகாணத்தில், சர்க்காரிடம் கட்டணம் செலுத்தி அநுமதிச் சீட்டுப் பெற்ற பெரியவர்கள், அதற்கென்று குறித்த நிலங்களில் மண்ணைச் சலித்து நீலக்கல் தேடுகிறார்கள். பொழுதும் போகிறது, சட்டத்துக்கும் பங்கமில்லை.

நம் இராமநாதபுரம் கரையில் இதற்கு இடமுண்டா? நவரத்தினங்களில் முத்தும் பவளமும் கடல் தந்த செல்வங்கள். மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்போ, தூத்துக்குடியில் 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. இராமேசுவர யாத்திரை செல்வோர் கையில் அகப்படுவது வெள்ளைப் பவளக் கல்தான். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் வேறு இனம். இதற்கு இரத்தின மதிப்புக் கிடையாது. ஆயினும் இதை எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றமாகும். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமாக, 2001-இல் பவளமும் சேர்க்கப்பட்டது. சங்கு, சிப்பிகளிலும் சில வகைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. இனம் அறியாதவர்கள் அவற்றையும் தொடாதிருப்பதே நலம்.

"அலை ஒதுக்கிய செத்த கல்லை எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நேயர்கள் கேட்கலாம். சட்டம் செத்ததென்றும் உயிருள்ளதென்றும் வேற்றுமை பாராட்டுவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளே அலையின் வேகத்தைத் தடுக்கும் மதில்கள். செத்த பவளம் பொடிந்துதான் அத்தீவுகளுக்கு மணலாகிறது. பாறையாக வளரும் பவளமோ, வருஷத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் பாதிதான் வளரும்.

அந்த மதிலைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தார்கள். 1986-இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. ஆனால் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. பவளத்தை வெட்டியதே அதற்கு முக்கிய காரணம் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு.

வெட்டியவர்கள் கூலிக்கு உழைத்த ஏழைகள். அவர்களை மட்டும் குறை கூறுவது தர்மமாகாது. சுண்ணாம்பு பூசிய சுவர் நம்முடையது, அலமாரியில் அழகுக்கு வைத்த கல்லும் நம்முடையதே. அந்நியர் நம் செல்வத்தைக் கொள்ளையிடுகிறார்கள் என்று ஒரு காலத்தில் முறையிட்டோம். சுதந்திரம் பெற்ற பின்னும் இந்தக் கொள்ளை நிற்காமல் நடந்ததே, அதற்கு யாரிடம் முறையிடுவது? வாங்குவார் இல்லையேல் விற்பாரும் இல்லை. குழந்தைகள் கல்லைப் பார்க்கட்டும். அதன் துளைகளை எண்ணட்டும். நோட்டுப் புத்தகத்தில் படம் எழுதிக்கொள்ளட்டும். பிறகு கிடந்த இடத்திலேயே விட்டு வரட்டும்.

சேதுவிலிருந்து ஒரு பிடி மணல் எடுத்துச் செல்வது நம் முன்னோர் வழக்கம். அதையும் அவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. பிரயாகை வரை சுமந்து சென்று திரிவேணியில் கரைத்துவிட்டே திரும்பினார்கள்.