கியர் போடாத கார்: எது நீடித்து உழைக்கும்?

வேடசந்தூரில் ஒரு குடும்பம் கார் வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது பத்து வருடச் சேமிப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி. கிளட்ச் மிதிக்க முடியாது. ஆகவே, கியர் தானாக மாறும் 'ஆட்டோமேட்டிக்' கார் தேடுகிறார்கள்.

நிறத்தைக் கேட்கிறார்கள். மைலேஜைக் கேட்கிறார்கள். கியர் பெட்டி என்ன வகை என்று மட்டும் கேட்பதில்லை. ஆனால், பழுதானால் சேமிப்பைக் கரைப்பது அதுதான்!

நான்கு வகை

முதலாவது, 'டார்க் கன்வர்ட்டர்'. ஓடும் மின்விசிறிக்கு எதிரே ஓடாத விசிறியை வைத்தால், காற்று பட்டு அதுவும் சுழலும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். புறப்படும்போது கிளட்ச் தேய்வதில்லை. பல காலம் பழகிய முறை, உறுதியானது. விலைதான் கூடுதல்.

இரண்டாவது, ஏ.எம்.டி. இது சாதாரணக் கியர் பெட்டியே. கிளட்சையும் கியரையும் மனிதனுக்குப் பதில் சிறு கருவிகள் இயக்குகின்றன. 2014-ல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவியது. விலை குறைவு. ஆனால் உள்ளே கிளட்ச் உண்டு, அது தேயும்.

மூன்றாவது, சி.வி.டி. மாவு மில்லில் ஓடும் பெல்ட் போல, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. குலுங்காமல் செல்லும். அதிக பாரத்துடன் மேட்டில் விரட்டினால் சூடாகும்.

நான்காவது, டி.சி.டி. இதில் இரண்டு கிளட்ச்கள். 1, 3, 5 கியர்களுக்கு ஒன்று. 2, 4, 6 கியர்களுக்கு மற்றொன்று. கண் மூடித் திறப்பதற்குள் கியர் மாறும். எண்ணெயில் நனையாத கிளட்ச் உள்ள வகை, நெரிசலில் ஊர்ந்தால் சீக்கிரம் சூடாகும். ரிப்பேர் செலவும் அதிகம்.

எது நல்லது?

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் போக நான்குமே போதும். சிறுமலைப் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில்தான் சோதனை. மலைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு, பணம் இருந்தால் டார்க் கன்வர்ட்டர் ஏற்றது. பணம் குறைவாக இருந்தால் ஏ.எம்.டி. போதும். ஆனால் மேட்டில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காரைப் பிடித்து வைக்கக் கூடாது. பிரேக்கை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் கருகும்.

எந்த வகையானாலும் கியர் எண்ணெய்தான் உயிர். கையேட்டில் சொன்ன காலத்தில் அதைக் கவனிக்காவிட்டால், நல்ல பெட்டியும் கெட்டுப் போகும்.

விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லால் நான்கையும் மூடி மறைப்பது நியாயம் அல்ல. என்ன வகை, எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும், உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் எந்த ஊரில் சரி செய்வார்கள் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். கார் வாங்குகிறவர், அதன் பல் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?