ரெண்டு இன்டர்நெட் லைன் இருந்தால் வேகம் இரட்டிப்பாகுமா? வில்லியனூர் 1998-லேயே சொன்ன பதில்

வீட்டில் ஒரு ஃபைபர் லைன், கையில் ஒரு 4ஜி சிம். தலா 10 எம்பிபிஎஸ். ரெண்டையும் ஒரே ரவுட்டரில் சேர்த்தால் 20 கிடைக்கும் என்றுதான் வில்லியனூரிலோ பாகூரிலோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குத் தோன்றும்.

கிடைக்காது. கடைகளில் விற்கும் சாதாரண டூயல் வேன் ரவுட்டர் செய்வது பங்கீடு மட்டும்தான். உங்கள் ஆபீஸ் வேலை ஒரு லைனில், பிள்ளையின் யூடியூப் இன்னொரு லைனில். ஒரே பெரிய ஃபைலை அப்லோடு செய்தால் அது பழைய 10-ஐத் தாண்டாது. காரணம் எளிது: ரெண்டு லைனுக்கும் ரெண்டு முகவரி. எதிர்முனையில் உள்ள சர்வருக்கு நீங்கள் ரெண்டு வெவ்வேறு ஆட்கள்.

துண்டுகளை மறுமுனையில் ஒருவர் சேர்த்துக் கொடுத்தால்தான் வேகம் கூடும். அதற்கான நெறிமுறைதான் மல்டிபாத் டிசிபி. 2013-ல் ஐஓஎஸ் 7-ல் சிரிக்காக ஆப்பிள் இதைக் கொண்டுவந்தது. வைஃபை தடுமாறினால் பேச்சு அறுபடாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறும். 2020-ல் லினக்ஸ் 5.6-லும் வந்துவிட்டது. ஆனால் எதிர்முனை சர்வரும் ஒத்துழைக்க வேண்டும், பெரும்பாலானவை ஒத்துழைப்பதில்லை. அதனால்தான் 'பாண்டிங்' சேவைகள் நடுவில் தங்கள் சர்வரை வைத்து, துண்டுகளை அங்கே ஒன்றாக்கி அனுப்புகின்றன. அதற்கு மாதக் கட்டணம் தனி. ஒரு லைன் ரொம்ப மந்தமாக இருந்தால், அதில் வரும் துண்டுக்காக மற்றவை காத்துக்கிடக்கும் தொல்லையும் உண்டு.

நடுவில் ஒரு மையம் என்பது வில்லியனூருக்குப் புதிதல்ல. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, தலைமை மையம் இங்கேதான். தொலைபேசி வழி இணையத்தில் வந்த தகவல் இங்கே தமிழாகி, விஎச்எஃப் ரேடியோ மூலம் கிராமங்களுக்குப் போனது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை தளத்தின் அலை உயரக் கணிப்பை ஒலிபெருக்கியில் மீனவர்கள் கேட்டார்கள். 2004 சுனாமியன்று நல்லவாடுக்கு எச்சரிக்கை வந்தது சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் அழைப்பில். ஊருக்குச் சொன்னது மையத்தின் ஒலிபெருக்கி. போன், ரேடியோ, ஒலிபெருக்கி என எதுவும் வேகமானதல்ல. ஆனால் ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்கவில்லை.

இன்றைய இரட்டை லைன்களில் இல்லாதது அதுதான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணை வழியே வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. இப்படிப்பட்ட நாளில், ஒரே டவரில் நிற்கும் ரெண்டு சிம்கள் சேர்ந்தேதான் படுக்கும். ஒரே கம்பத்தில் ஓடும் ரெண்டு ஃபைபரும் அப்படித்தான்.

எனவே ரெண்டாவது லைன் வாங்குமுன் எம்பிபிஎஸ்ஸைப் பார்ப்பதைவிட, அது எந்த வழியாக வருகிறது என்று விசாரிப்பது மேல். ஃபைபருக்குத் துணை மொபைல். அதுவும் வேறு நிறுவனம், முடிந்தால் வேறு டவர். கரன்ட் போனால் வீட்டு ரவுட்டரைத் தாங்க ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வேண்டும். அது இல்லையென்றால் ரெண்டு லைனும் ஒரே ஸ்விட்ச்சில் அணைந்துவிடும்.