ஆடு தந்தார்கள், குழைக்கு எங்கே போவது?

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலையொட்டி வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் செத்துப் போயின. முதலில் தொற்றுநோய் என்று சந்தேகித்தார்கள். இறைச்சி கொண்டு செல்லத் தடை விதித்தார்கள். பரிசோதனைகளின் பின்னர், குளிர் தாங்காமலே இறந்தன என்று அறிவித்தார்கள். செய்தி அத்தோடு முடிந்துவிட்டது.

ஆனால் குளிர் எல்லா ஆட்டையும் ஒரே மாதிரிக் கொல்வதில்லை. அசைபோடும் பிராணிக்கு வயிற்றில் இரை நொதிக்கும்போதே சூடு பிறக்கிறது. இரையும் உடம்பில் கொஞ்சம் கொழுப்பும் இருந்தால் ஓர் இரவைத் தாண்டிவிடும். எலும்பும் தோலுமாக, மயிர் நனைந்து, கூரையில்லாமல் நின்ற ஆட்டுக்கு அந்தச் சூடு கிடையாது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு: மார்கழியில், ஊரே பச்சையாக இருக்கும் காலத்தில், நம் ஆடுகள் ஏன் மெலிந்து நிற்கின்றன?

வன்னியில் ஆடு வளர்ப்பவர்களுக்கு விடை தெரியும். ஆவணி, புரட்டாதியில் தரை காய்ந்துவிடும். காய்ந்த புல்லில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், இரைப்பையில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். அதன்பிறகு வயிறு நிறையத் தின்றாலும் ஆடு மெலியும். மழை வந்து புல் துளிர்க்கும்போது காலபோக விதைப்புத் தொடங்கிவிடும். வயல் விதைத்தால் ஆட்டைக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் பயிர்க்காரருடன் சண்டை, அல்லது கட்டாக்காலி என்று பிடிபட்டுத் தண்டம். போதாததற்கு மழையில் நனைய ஆட்டுக்குப் பிடிக்காது, ஈரப் புல்லில் புழுவும் அதிகம். கோடையில் புல் இல்லாமல் பட்டினி என்றால், மாரியில் புல் இருந்தும் பட்டினி.

மேய்ச்சலோடு கைத்தீனும் கொடுக்கவேண்டும் என்று கால்நடை வைத்தியர்கள் சொல்வது இதனால்தான். ஆலோசனை சரி. அதை யாருக்குச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

ஆடு, கோழி, தையல் இயந்திரம். 2009க்குப் பிறகு மீள்குடியேறியவர்களுக்கு, குறிப்பாகப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குக் கிடைத்த வாழ்வாதார உதவியின் பட்டியல் பெரும்பாலும் இதுதான். இடப்பெயர்வின்போது பட்டியை அவிழ்த்துவிட்டு வந்த சனத்துக்கு ஆடு கிடைத்தது சிறிய காரியமில்லை. ஆனால் அறிக்கைகளில் எண்ணப்பட்டது ஆடு மட்டும். அது எதைத் தின்னும் என்ற கணக்கு பெரும்பாலான திட்டங்களில் இல்லை.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. 25 கிலோ எடையுள்ள நாட்டு ஆட்டுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் நாளுக்கு முக்கால் தொடக்கம் ஒரு கிலோ தீனி வேண்டும். பச்சைக் குழையாக 3 முதல் 4 கிலோ. ஐந்து ஆடும் நாள் முழுக்கக் கட்டையில் நின்றால், அந்தப் பெண் தினமும் 15 கிலோவுக்கு மேல் குழை வெட்டிச் சுமக்கவேண்டும். நல்ல இனம் என்று ஜமுனாபாரி கொடுத்தால் தீனி ஏறக்குறைய இரட்டிப்பாகும். காட்டுக்குப் போனால் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல். சில இடங்களில் முகாம் வேலி. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அபாயப் பலகை. கடையில் வாங்கலாம் என்றால், 2021 உரத்தடையில் நெல் விளைச்சல் விழுந்தபோது தவிடும் குறைந்தது, 2022 நெருக்கடியில் புண்ணாக்கு எட்டாத விலைக்குப் போனது. தீனி விலையும் நுண்கடன் தவணையும் ஒரே கிழமையில் வந்தால் ஆடுதான் விலைப்படும், அதுவும் மெலிந்த ஆட்டின் விலைக்கு.

ஒருகாலத்தில் நமக்கு இந்தத் தீனியைத் தந்தது வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, இடையிடையே முருங்கை. வருடம் ஒருமுறை வேலி அடைக்கும்போதும், இடையில் கொக்கத்தடியால் இழுக்கும்போதும் ஆட்டுக்குக் குழை விழும். போருக்குப் பின் வெறுங்காணிக்குத் திரும்பியவர்களுக்கு முட்கம்பியும் கொங்கிறீட் தூணும் கிடைத்தன. யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக் காசில் மதில் எழும்பியது. பாதுகாப்பு வந்தது, குழை போய்விட்டது. மதிலைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, தனியாக இருக்கும் பெண்ணுக்கு மதில் வேண்டும்தான். ஆனால் மதிலுக்கு உட்புறம் ஒரு வரிசைக் கதியால் நடலாமே என்று யாரும் சொல்லவில்லை.

அரை ஏக்கர் காணியின் சுற்றளவு ஏறத்தாழ 180 மீற்றர். அரை மீற்றருக்கு ஒன்றாக நட்டால் 360 கதியால். சீமைக்கிளுவை எனப்படும் கிளிரிசீடியா, இப்பில் இப்பில் இரண்டிலும் இலையில் 20 சதவீதத்துக்குக் குறையாத புரதம் இருக்கிறது, காய்ந்த புல்லைவிடப் பல மடங்கு. சீமைக்கிளுவையின் மணம் ஆட்டுக்கு முதலில் பிடிக்காது. சில மணிநேரம் வாடவிட்டுக் கொடுத்தால் பழகிவிடும். இப்பில் இப்பிலை மொத்தத் தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கொடுக்கக்கூடாது, மயிர் கொட்டும்.

தவிடும் புண்ணாக்கும் எல்லா ஆட்டுக்கும் எல்லா நாளும் வேண்டியதில்லை. ஆட்டின் சினைக்காலம் 150 நாள். குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி ஆறு, எட்டுக் கிழமைகளில்தான் ஏறுகிறது. அந்த 50 நாளுக்கு மட்டும் சினையாட்டுக்கு நாளுக்கு 250 கிராம் வைத்தால், ஓர் ஆட்டுக்குப் பன்னிரண்டரைக் கிலோ போதும். குட்டி எடையோடு பிறக்கும், தாய்க்குப் பால் சுரக்கும். இல்லாத வீட்டிலும் தாங்கக்கூடிய செலவு இது. அன்பின் பேரில் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை வாளியோடு வைப்பதுதான் ஆபத்து. வயிறு புளித்து ஒரே இரவில் நல்ல ஆடும் செத்துவிடும்.

ஆகவே ஆடு வழங்கும் திட்டம் எதுவானாலும், ஆட்டுக்கு ஒரு மாரிக்கு முன்னரே கதியால் போய்ச் சேரவேண்டும். ஐப்பசி மழையோடு நட்டால் முதல் வெட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருக்கவேண்டும். திட்டக் காலம் அதற்குள் முடிந்துவிடும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அப்படியென்றால் திட்டக் காலத்தைத்தான் மாற்றவேண்டும்.

இதற்குள் அடங்காத ஒரு கூட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இன்னும் கைக்கு வராத காணியிலும், உறவினர் வளவின் மூலையிலும் கொட்டில் போட்டு இருப்பவர்கள். கதியால் இலவசமாகக் கிடைத்தாலும் அவர்கள் நடத் தயங்குவார்கள். வெட்டும் பருவம் வரும்போது அந்தக் காணியில் தாங்கள் இருப்போமா என்பது அவர்களுக்குத் தெரியாது.