பருத்தி வேறு, பிள்ளை வேறு

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கரிசல் மண் பருத்திக்குப் பேர் போனது. அங்கே இன்று விளைவது பெரும்பாலும் பாட்டன் காலத்துப் பருத்தி அல்ல, 'பி.டி. பருத்தி'. மண்ணில் வாழும் ஒரு நுண்கிருமியின் மரபணுவை விஞ்ஞானிகள் பருத்தியில் சேர்த்தார்கள். அதைத் தின்னும் காய்ப்புழு செத்துப்போகும். 2002-ம் ஆண்டில் இந்திய அரசு இதற்கு அனுமதி கொடுத்தது.

மரபணு என்றால் என்ன? உடல் எப்படி அமைய வேண்டும் என்று பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வருகிற குறிப்பு.

செடியில் செய்ததை மனிதனிடமும் செய்தால் என்ன? இப்படிக் கேட்கும் விஞ்ஞானிகள் உண்டு. அவர்கள் கண் செவ்வாய் கிரகத்தின் மீது இருக்கிறது. அங்கே மூச்சு விடத் தகுந்த காற்று இல்லை. கடுங்குளிர். உடலைக் கெடுக்கும் கதிர்கள் வேறு. பூமியின் இழுப்பு சக்தியில் 100-க்கு 38 பங்குதான் அங்கே உண்டு. இவற்றைத் தாங்கும் உடலோடு மனிதனைப் பிறக்கச் செய்யலாம் என்பது அவர்கள் யோசனை.

இது வெறும் கனவு அல்ல. நீர்க்கரடி என்று கடுகை விடச் சிறிய பிராணி ஒன்று உண்டு. அதன் மரபணுவை ஜப்பானிய விஞ்ஞானிகள் மனித உயிரணுக்களில் சேர்த்தார்கள். எக்ஸ்ரே கதிரால் வரும் கேடு குறைந்தது. இது 2016-ல் வெளியான செய்தி. 2018-ல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். உலகமே கண்டித்தது. 2019-ல் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகளும் இப்படிப் பிள்ளை பெறச் செய்வதை அனுமதிக்கவில்லை. அது சரியே!

நோயாளியின் சம்மதத்தோடு நோயைத் தீர்ப்பது வேறு. பிறக்காத பிள்ளையிடம் சம்மதம் கேட்பது யார்?

பருத்தியையே பாருங்கள். சில ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்கும் பழகிவிட்டது. விவசாயி செடியை உழுதுவிட்டு வேறு விதை போடலாம். பிள்ளையை அப்படிச் செய்ய முடியுமா? தவறு நேர்ந்தால் அது பேரன், பேத்தி வரை தொடருமே! செவ்வாய்க்கென்று பிறந்த பிள்ளை, ஒருநாள் ஊர் திரும்ப ஆசைப்பட்டால், இந்த மண்ணில் அதனால் நடக்க முடியுமா?

2025-ல் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் 18 நாள் தங்கித் திரும்பினார். தாய் கொடுத்த உடலோடுதான் போனார். பயிற்சியும் கருவியும் துணை நின்றன.

வேற்று உலகம் போவதற்கு உடையை மாற்றலாம், ஓடத்தை மாற்றலாம். பிள்ளையை மாற்ற வேண்டாம்!