எத்தனை எழுத்து ஸார்?

ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் அமகசாகி என்று ஒரு நகரம். 2022 ஜூனில் அதன் நகராட்சிக்கு வேலை செய்த காண்ட்ராக்ட் ஆசாமி ஒருவர், ஊர் ஜனங்கள் சுமார் 4,60,000 பேரின் பெயர், முகவரி, வரி விவரங்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, நேரே திரும்பாமல் தண்ணி போடப் போனார். தெருவிலேயே தூங்கி எழுந்தபோது பையைக் காணோம்.

நகராட்சி பிரஸ்மீட் வைத்து மன்னிப்புக் கேட்டது. ஒரே ஆறுதல், உள்ளே இருந்ததெல்லாம் என்க்ரிப்ட் செய்தவை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஓர் அதிகாரி, பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணுமாக 13 இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தார். ட்விட்டர் குறும்பர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். ஆங்கிலத்தில் அமகசாகிக்கு 9 எழுத்து, 2022-க்கு 4. கூட்டிப் பாருங்கள்! நல்லவேளை, அந்த வாரமே பை கிடைத்துவிட்டது.

நம் கதை? சம்பளப் பட்டியல், கஸ்டமரின் ஆதார், பான் நகல் எல்லாம் பைக் சாவியோடு தொங்குகிறது. தொலைந்தால் நமக்கு சில நூறு ரூபாய்தான் நஷ்டம். அதில் இருப்பவர்களின் நஷ்டத்துக்குக் கணக்கில்லை.

என்க்ரிப்ஷன் என்பது அரிசியையும் உளுந்தையும் மாவாக அரைப்பது மாதிரி. சாவி வைத்திருப்பவனால் மட்டுமே மறுபடி அரிசி வேறு, உளுந்து வேறாகப் பிரிக்க முடியும். 2001-ல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறையில் 128 பிட் சாவி என்றால், சாத்தியங்கள் 39 இலக்க எண். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் சூரியனே அணைந்துவிடும். அதனால் திருடன் அந்தப் பக்கமே போகமாட்டான். உங்கள் பாஸ்வேர்டைத்தான் ஊகிப்பான். அது காதலி பெயரும் பிறந்த வருஷமுமாக இருந்தால், பாவம், ஏ.இ.எஸ். என்ன செய்யும்?

விண்டோஸ் ப்ரோ இருந்தால் பென் டிரைவ் மேல் ரைட் க்ளிக் செய்து பிட்லாக்கரை இயக்குங்கள். இல்லையென்றால் வெராகிரிப்ட் இருக்கிறது, இலவசம். எதற்கும் முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு வார்த்தைகளைக் கோத்த பாஸ்வேர்டுதான் நல்லது. பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். அதே பென் டிரைவில் வேண்டாம்.

மறந்தால் கதி? ஸ்டீபன் தாமஸ் என்ற புரோகிராமரின் 7,002 பிட்காயினுக்கான சாவி, பூட்டிய டிரைவ் ஒன்றில் மாட்டிக்கொண்டது. பத்து தடவைதான் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கலாம். 2021 ஜனவரியில் பத்திரிகையில் செய்தி வந்தபோது எட்டு தடவை போட்டு முடித்திருந்தார்.

ஆகவே பூட்டுங்கள், மறக்காதீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் “எத்தனை எழுத்து ஸார்?” என்று கேட்டால், சிரித்துவிட்டு டீ சாப்பிடப் போய்விடுங்கள்.