சுவிட்சர்லாந்தை வீழ்த்திய இந்திய டென்னிஸ் அணி: மதுரை வரை வந்த வாய்ப்பு கல்வராயன் மலைக்கும் வருமா?

கிரிக்கெட் செய்திகளுக்கு நடுவே பலர் கவனிக்காமல் விட்ட வெற்றி இது. 2025 செப்டம்பர் 12, 13 தேதிகளில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த டேவிஸ் கோப்பை மோதலில் இந்திய ஆண்கள் அணி 3-1 என ஜெயித்தது. ஐரோப்பிய மண்ணில் ஒரு ஐரோப்பிய நாட்டை இந்தியா தோற்கடித்து 32 வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக 1993-ல் பிரான்ஸை வென்றபோது ரமேஷ் கிருஷ்ணனும் 20 வயது லியாண்டர் பயஸும் ஆடினார்கள்.

டேவிஸ் கோப்பை என்றால் என்ன?

நாட்டுக்கு நாடு மோதும் ஆண்கள் டென்னிஸ் போட்டி. 1900-ல் தொடங்கியது. இந்தியா 1921 முதல் ஆடுகிறது. பெரும்பாலான சுற்றுகளில் இரண்டு நாடுகள் மோதும்போது மொத்தம் 5 ஆட்டம்: ஒற்றையர் 4, இரட்டையர் 1. முதலில் 3 ஆட்டம் ஜெயிக்கும் அணிக்கு வெற்றி. இந்த நாலுக்கு ஒன்று கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நம் அணியின் பிரச்சினையே அதில்தான் இருக்கிறது.

பீல் நகரில் என்ன நடந்தது?

முதல் ஆட்டத்தில் இறங்கியவர் மதுரையைச் சேர்ந்த தக்ஷினேஸ்வர் சுரேஷ். டேவிஸ் கோப்பையில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். உலகத் தரவரிசையில் அவர் 626-வது இடம். எதிரில் நின்ற ஜெரோம் கிம் 155-வது இடம். 7-6, 6-3 என்று ஜெயித்தது 626! அன்றே சுமித் நாகல், ஹூஸ்லரைத் தோற்கடித்தார். மறுநாள் இரட்டையரில் ஸ்ரீராம் பாலாஜியும் ரித்விக் பொல்லிபள்ளியும் தோற்றாலும், நாகல் 6-1, 6-3 என்று ஹென்றி பெர்னட்டை வீழ்த்திக் கணக்கை முடித்தார்.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 2014-ல் கோப்பையை வென்ற ஃபெடரர், வாவ்ரிங்கா காலத்து சுவிஸ் அணி அல்ல இது. ஆனால் நம் பக்கமும் ஒற்றையர் தரவரிசையில் முதல் 200 இடத்துக்குள் ஒருவர்கூட இல்லை. சந்தோஷப்படலாம். அதே சமயம், ஏன் ஒருவரும் இல்லை என்றும் கேட்க வேண்டும்.

முன்பு எப்படி இருந்தோம்?

இந்தியா 3 முறை இறுதிப் போட்டி வரை போயிருக்கிறது. 1966-ல் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்றும், 1987-ல் ஸ்வீடனிடம் 5-0 என்றும் தோற்றது. நடுவில் 1974-ல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இறுதிப் போட்டியையே ஆட மறுத்தது. கோப்பை ஆட்டமே இல்லாமல் அவர்களுக்குப் போனது.

இந்த மூன்று அணிகளிலும் முக்கியப் பெயர்களைப் பாருங்கள். 1966-ல் ராமநாதன் கிருஷ்ணன். 1974-ல் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள். 1987-ல் விஜய்யோடு ராமநாதனின் மகன் ரமேஷ். ராமநாதனுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்ததும் அவருடைய அப்பாதான். இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து 20 வருஷத்துக்கு மேல் இந்தியாவைத் தாங்கின. பெருமைதான். ஆனால் அது ஒரு ஏற்பாடு அல்ல. வீட்டிலேயே ராக்கெட்டும் பயிற்சியாளரும் இருந்த பிள்ளைகள் வந்தார்கள், அவ்வளவுதான். 1985-ல் சென்னையில் பிரிட்டானியா அமிர்தராஜ் திட்டம் தொடங்கி, சிறுவர்களைத் தங்கவைத்துப் பயிற்சி தந்தபோது கிடைத்தவர்தான் பயஸ்.

அப்புறம் என்ன ஆச்சு?

இரட்டையரில் உச்சத்துக்குப் போனோம். டேவிஸ் கோப்பையில் 45 இரட்டையர் வெற்றி என்ற உலக சாதனை பயஸிடம் இருக்கிறது. ரோஹன் போபண்ணா 43 வயதில், 2024-ல், ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்றார். ஆனால் நாலுக்கு ஒன்று கணக்குப்படி, இரட்டையர் தருவது ஒரே ஒரு புள்ளி. மீதி இரண்டுக்கு ஒற்றையர் வேண்டும். 2014 முதல் 2018 வரை தொடர்ந்து 5 வருஷம் உலகக் குழுவின் வாசல் வரை போய்த் திரும்பி வந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

தக்ஷினேஸ்வர் எங்கே தயாரானார்?

அமெரிக்காவில். வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியில் ஆடியவர் அவர். அந்த அணி 2025-ல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பட்டம் வென்றது. அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் கிடைப்பது ஐந்து விஷயம்: தங்குமிடம், சாப்பாடு, ஆடுகளம், பயிற்சியாளர், வாராவாரம் ஆட்டம். ஆனால் அந்தக் கல்லூரிக் கதவைத் தட்டவே 17, 18 வயதுக்குள் பல ஊர் போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பிள்ளைக்கு?

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ ஒரு சிறுமியோ சிறுவனோ டென்னிஸ் ஆட ஆசைப்பட்டால் என்ன ஆகும்? வாலிபால் என்றால் ஒரு பந்து, ஒரு வலை போதும், 12 பேர் ஆடலாம். டென்னிஸில் 78 அடி நீளக் களத்தில் இரண்டு பேர்தான். பந்து சீக்கிரம் சத்து இழந்துவிடும், நரம்பு அறுந்துபோகும், புள்ளி சேர்க்க ஊர் ஊராகப் போக வேண்டும். கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி கள்ளக்குறிச்சி வந்தாலும், சென்னை இன்னும் 200 கி.மீ.க்கு மேல். அப்பா அம்மாவின் கூலி பஸ் டிக்கெட்டுக்கே போய்விடும்.

ஆனால் மேலே சொன்ன ஐந்தில் இரண்டு மலையிலேயே இருக்கிறது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்குகிறார்கள், அங்கேயே சாப்பிடுகிறார்கள். காலையும் மாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு சிமென்ட் ஆடுகளம், வாரத்தில் சில நாள் வரும் பயிற்சியாளர், பக்கத்து மாவட்டங்களோடு சேர்ந்து நடத்தும் சிறு போட்டிகள். பாக்கி மூன்றும் இவ்வளவுதான். 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு இது எட்டாத கனவு அல்ல. அங்கிருந்து நாளைக்கே டேவிஸ் கோப்பை வீரர் வருவார் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் ஆடிப் பார்க்காத பிள்ளையிடம் திறமை இருக்கிறதா என்று யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

அடுத்து என்ன?

2026 பிப்ரவரியில் தகுதிச் சுற்று. 2024-ல் இறுதிப் போட்டி வரை வந்த நெதர்லாந்தை இந்தியா சொந்த மண்ணில் சந்திப்பதாக அட்டவணை அமைந்தது. அந்த ஆட்டத்தில் முடிவை மட்டும் பார்க்க வேண்டாம். ஒற்றையரில் இறங்கும் இரண்டு பேருக்கு அடிபட்டால் மூன்றாவதாக யார் என்றும் பாருங்கள். அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறாரா என்பதுதான் பீல் வெற்றி நிலைக்குமா என்பதைச் சொல்லும்.