தோற்ற ஆட்டத்தை எழுதிவையுங்கள்



நம் பாலவனத்தம் பிள்ளைகள் ஒரே மாலையில் அலைபேசியில் பத்துப் பதினைந்து சதுரங்க ஆட்டங்களை ஆடித் தீர்க்கிறார்கள். தோற்றவுடன் அடுத்தது. இதனால் விரல் பழகும். ஆட்டம் வளராது என்பதே என் எண்ணம்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலகப் பட்டம் பெற்ற சென்னைப் பிள்ளை குகேஷை எண்ணிப் பாருங்கள். தரப்புள்ளி ஏறத்தாழ 2500 எட்டும்வரை கணினியின் துணையின்றியே ஆட்டங்களை ஆராய அவரைப் பழக்கினார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. கணினி சரியான நகர்வை நொடியில் காட்டிவிடும். ஆனால் தவறாக நகர்த்தியபோது உள்ளத்தில் ஓடியது என்னவென்று அதற்குத் தெரியாது; ஆடியவனுக்கே தெரியும்.

நெடுநேரப் போட்டிகளில் ஒவ்வொரு நகர்வையும் தாளில் குறிப்பது விதி. மறுநாள் அந்தத் தாளை விரித்து அமர்வதற்குத்தான் விதி ஏதுமில்லை.

பெற்றோரே, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாரத்திற்கு ஓர் ஆட்டம், அதுவும் தோற்ற ஆட்டம், பிள்ளை தன் கையால் எழுதட்டும். தடுமாறிய இடத்தில், ஏன் அப்படி ஆடினேன் என்று ஒரு வரி. சதுரங்கம் அறியாத தந்தையும் அருகிருந்து கேட்கலாம். கடிந்துகொள்ள மட்டும் வேண்டாம். கடிந்துகொண்டால் அடுத்த வாரம் அந்த நோட்டு காணாமற்போகும்.